வெற்றுப்பெட்டியிடம் தோற்றவருக்கு

அஸ்ஸலாமு அலைக்கும்.

அன்பிற்குரிய என் வீட்டுக்காரர் ஹாஜி வஸ்கித்தோ அவர்களுக்கு மூர்ஜினா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மலாங் மலையில் உங்கள் தம்பி வீட்டில் நீங்களும் நலமாக இருப்பதாக டிரைவர் சுகெங் வந்து சொன்னான். கைப்பேசியை அணைத்துப் போட்டுவிட்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஆப்பிள் தோட்டத்தில் உலாத்துகிறீர்களாம். அங்கே உங்களை யாருக்குத் தெரியும், அந்தக் கண்ணாடி எதற்கு? போனை எடுக்காதவருக்குக் கடிதம்தானே எழுத வேண்டும்? சுகெங்கிடமே கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு டின் இறால் அப்பளம். நம் தொழிற்சாலையில் போட்டதுதான், சந்தேகப்படாமல் சாப்பிடுங்கள்.

தேர்தலில் தோற்பது உலகத்தில் நடக்காததா? ஆனால் எதிரில் ஆளே இல்லாமல் தோற்றவர் நம் ஊரில் நீங்கள் ஒருவர்தான். இதை நான் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் சைக்கிளின் இரண்டு பக்கமும் டின்னைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கடை கடையாக அப்பளம் போட்டவர் நீங்கள். அப்புறம் நமக்கென்று ஒரு அடுப்பு வந்தது, காயவைக்கும் களம் வந்தது, தொழிற்சாலை வந்தது. மழை வாசனை மட்டும் எப்போதும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். ‘மழை! மழை!’ என்று நீங்கள் கத்தினால் களத்தில் இருக்கும் அத்தனை பேரும் மூங்கில் தட்டுகளைத் தூக்க ஓடுவோம். முதலாளியான பிறகும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் ஓடியவர் நீங்கள். ஹஜ்ஜுக்குப் போய் வந்த பிறகும் ஓடினீர்கள்.

பிறகு கட்சிக்காரர் தர்சான் வந்தார். “நாலு மாவட்டத்துக்கு அப்பளம் அனுப்புற கைக்கு ஒரு மாவட்டத்தை ஆளத் தெரியாதா?” என்று கேட்டார். இரண்டாவது காப்பி வருவதற்குள் நீங்கள் மனத்துக்குள் மாவட்டத் தலைவராகிவிட்டீர்கள். கட்சி கட்சியாக வீட்டுக்குக் கூப்பிட்டு ஆட்டிறைச்சி சாத்தே சுட்டுப் போட்டீர்கள். புகை கண்ணைக் கரித்தது எனக்கு. எதிர்த்து நிற்க இருந்த பள்ளிக்கூட வாத்தியாருக்குக் ஆதரவு தரக் கடைசியில் ஒரு கட்சிகூட மிஞ்சவில்லை, அவரால் நிற்க முடியாமல் போயிற்று. “எதிரியே இல்ல மூர், இனி தூங்கிக்கிட்டே ஜெயிக்கலாம்” என்றீர்கள்.

ஒற்றை ஆள் நின்றால் வாக்குச்சீட்டில் அவர் படத்துக்குப் பக்கத்தில் வெற்றுப்பெட்டி ஒன்றையும் அச்சடிப்பார்களே, அவரைப் பிடிக்காதவர்கள் ஓட்டுக் குத்துகிற ஆணியை அதில் குத்துவார்களே என்று அப்போதே நான் ஞாபகப்படுத்தினேன். “பெட்டிக்கு எவன்டி ஓட்டுப் போடுவான்?” என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று தேநீரில் விழப் பார்த்தது.

ஊர்ப் பையன்கள் ஒரு காலி அட்டைப்பெட்டிக்கு மாலை போட்டு, பறை கொட்டி, தெருத் தெருவாகத் தூக்கி வந்தார்கள். அதுவும் நம் அப்பளம் போகிற பெட்டி, நம் இறால் படம் போட்டது! நீங்கள் மேடையில் ஏறி, “அந்தப் பெட்டி உங்களுக்கு ரோடு போடுமா?” என்று முழங்கினீர்கள். “போடாதுதான், போடுறேன்னு பொய்யும் சொல்லாது பாக்!” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் மரியாதையாகவே கத்தினான். தொலைக்காட்சி விவாதத்துக்குத் தனியாகப் போனீர்கள். பதில் பேச ஆளே இல்லை, அங்கேயும் கோபப்பட்டுவிட்டீர்கள்.

ஆனால் உங்களைத் தோற்கடித்தது அந்தப் பெட்டி இல்லை. கடைசிப் பொதுக்கூட்டத்துக்குக் கூட்டம் காட்ட வேண்டும் என்று களத்து ஆட்கள் எல்லாருக்கும் உங்கள் படம் போட்ட சட்டையை மாட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனீர்களே, அன்று கொட்டியது மழை. தட்டுகளைத் தூக்க ஆளில்லை. நான் ஒருத்தி எத்தனையைத் தூக்குவேன்? ஒரு களம் அப்பளமும் கூழாகிப் போயிற்று. திரும்பி வந்து பார்த்த பாரியெம் அக்கா, “முதலாளிக்கு இப்பல்லாம் மழை வாசனையே தெரியலையே இபு” என்று என்னிடம் சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அவள் பதினெட்டு வயதிலிருந்து நம்மோடு இருப்பவள். அவள் அழுததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நீங்களோ கூட்டம் எவ்வளவு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

வாக்கு எண்ணி முடிந்த அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, “நம்ம தெருச் சாவடியிலேயே எனக்குக் கம்மி! இந்த வீட்டுலயும் எவனோ பெட்டியில குத்திருக்கான்!” என்று ஒவ்வொருவர் விரல் மையையும் முறைத்துப் பார்த்தீர்கள். எல்லா விரலிலும் ஒரே மைதான். விடிவதற்குள் மலை ஏறிவிட்டீர்கள்.

இங்கே உங்கள் பெயர் அப்படியொன்றும் கெட்டுப்போகவில்லை, கவலைப்படாதீர்கள். உங்கள் படம் போட்ட பதாகைகளை ஊர் வீணாக்கவில்லை. மீன்கடைக்குப் பந்தல் அதுதான், வாத்து அடைக்கிற கூட்டுக்குக் கூரை அதுதான். படத்தில் உங்களுக்கு இருபது வயது குறைத்திருந்தார்களா, “இந்த மாமா யாரு?” என்று பேத்தி இன்னமும் கேட்கிறாள். நாங்களும் களத்தில் நாலைந்து வைத்திருக்கிறோம். மழை வந்தால் உங்கள் முகத்தைத்தான் இழுத்துத் தட்டுகள் மேல் மூடுகிறோம். நன்றாகத் தாங்குகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தர்சான் மறுபடி வந்தார். பெட்டி ஜெயித்ததால் அடுத்த வருஷம் மறுதேர்தலாம். “இந்தத் தடவை பெட்டியே வேணாம், நாமளே சும்மா ஒரு எதிராளியை நிறுத்திடலாம்” என்றார். யாரை என்று கேட்டேன். வெளியாளை நம்ப முடியாதாம். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “நீங்களே நின்னுடுங்களேன் இபு. வீட்டுக்குள்ளயே முடிஞ்சிடும்” என்றார். அவருக்குப் போட்ட காப்பியைப் பாதியில் எடுத்து வந்துவிட்டேன்.

சன்னலுக்கு வெளியே தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பாரியெம் அக்கா காதில் இது விழுந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் களத்துப் பெண்கள் எல்லாரும் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். “சும்மா ஏன் நிக்கணும்? நெஜமாவே நில்லுங்க இபு, நாங்க இருக்கோம்” என்கிறார்கள். சிரித்து மழுப்பினேன். அவர்கள் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் வேறு தனக்குக் கிடைக்காத ஆதரவெல்லாம் எனக்குத் திரட்டித் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு எந்த நாற்காலியும் வேண்டாம். நீங்கள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. போன மாதம் முழுக்க மேகம் கறுக்கும்போதெல்லாம் உங்கள் குரலுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன், என் குரல்தான் வந்தது. அன்று சாவடியில் ஆணியை எங்கே குத்தினேன் என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் சொல்லப் போவதில்லை. மழைக்குத் தட்டு தூக்க ஓடி வருகிற மனிதருக்கு என் ஓட்டு என்றைக்கும் உண்டு.

ஆகையால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு நம் பள்ளிவாசலுக்கு வந்துவிடுங்கள். வரும்போது கண்ணாடியைத் தம்பியிடமே கொடுத்துவிடுங்கள். நாலு பேர் சிரிப்பார்கள், நாமும் சேர்ந்து சிரித்துவிடலாம். பெட்டியிடம் தோற்றதை ஊர் நாளைக்கே மறந்துவிடும். என்னிடம் தோற்றால் நான் உங்களை மறக்க விடமாட்டேன்.

வழியில் இறைவன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, களத்துக்குப் போகிறேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மூர்ஜினா