ஏழு சொற்களில் ஒரு பூட்டு

இன்றும் உன் வீட்டில் உன் பழைய மடிக்கணினியைத் திறந்தேன். விசிறி இரைந்து, சூடான தூசி மணம் வந்தது. பிறகு கறுப்புத் திரை, கடவுச்சொல் கேட்கும் ஒற்றை வரி. அதற்கு மேல் அது என்னை விடுவதில்லை. நீ போய் ஐந்து மாதமாகிறது.

அடையாறில் மாதம் ஒரு ஞாயிறு லினக்ஸ் ஆர்வலர்கள் கூடும் அந்த அறையில் பெண்கள் நாம் இருவர்தான். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, கடைசி நாற்காலியில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தப்பாக ஏதாவது கேட்டுவிடுவேனோ என்று எப்போதும் பயம். ஒரு நாள் நீ சாந்தோமிலிருந்து இந்த மடிக்கணினியைத் துணிப்பையில் தூக்கி வந்து, என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாய்.

"ரிச்சி ஸ்ட்ரீட்ல பழசா வாங்கினேன். கடைக்காரரே சிரிச்சாரு. இதுல விண்டோஸ் ஆன் ஆகறதுக்குள்ள ஒரு பூசையே முடிஞ்சிடுது."

விண்டோஸுக்குப் பதிலாக லேசான ஒரு லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். ஒரு நிமிடத்தில் எழுந்துகொண்டது. "ஏய், உயிரோடதான்டி கீது!" என்று நீ கத்த, அறையே திரும்பியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுவாரம் உன் வீட்டில் அதை முழுதாக நிறுவினோம். டிஸ்க் முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டவா என்று கேட்ட இடத்தில், டிக் போடச் சொன்னது நான்.

"எதுக்குடி? என்கிட்ட இன்னா ரகசியம் கீது? கொயர்ல பாடினதுதான் இருக்கும்."

"எல்லாரும் போடறாங்க. போட்டுடு."

கூட்டத்தில் கேட்ட பெரிய விஷயங்களில் ஒன்றையாவது செய்து பார்க்கும் ஆசை. வேறு காரணம் இல்லை.

ஒருவர் கடவுச்சொல் அடிக்கும்போது பக்கத்திலிருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வது நம் கூட்டத்தின் வழக்கம். யாரும் சொல்லித்தர மாட்டார்கள், எல்லோரும் செய்வார்கள். எதையும் ஓரக்கண்ணால் பார்த்துவிடுகிறவள் நான். அன்று மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நீ வெகுநேரம் அடித்தாய்.

"என்னடி, சுவத்துகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றியா? முடிஞ்சிடுச்சு, திரும்பு."

பிறகு, போனில் இடமில்லையென்று உன் பாட்டுப் பதிவுகளை எல்லாம் இதற்கு மாற்றிவிட்டு அங்கே அழித்தாய். பிறகு காய்ச்சல். நான்கே நாள்.

உன் அம்மா கேட்பது அந்தக் குரலை மட்டும்தான். "நீதானேம்மா அவகூடவே உக்காந்துகினு இருந்த? உனக்குத் தெரியாதா?" நம் கூட்டத்து மூத்தவர் ஒருவரிடம் மடிக்கணினியை எடுத்துப்போய்க் காட்டினேன். அரைமணி நேரம் பார்த்தார். "எல்லாம் சரியாப் பண்ணியிருக்கம்மா. அதான் பிரச்சினை" என்றார்.

போன மாதம் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "ஆண்டி, பூட்டச் சொன்னது நான்தான். இனிமே இது திறக்காது."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாக, "நீ பாக்கவே இல்லையா?" என்றார்.

"இல்ல ஆண்டி. சத்தம்தான் கேட்டுச்சு. இதுல வார்த்தைக்கு நடுவுல இடம் விடற ஸ்பேஸ் பார் லூசு, தட்டினா டொக்குனு கேக்கும். ஆறு தடவை கேட்டுச்சு."

"அப்டின்னா?"

"ஏழு வார்த்தை."

சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து நீ பேசியதையெல்லாம் அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். செபத்தில் ஒரு வரி, நீ பாடிய பாட்டின் முதலடி, அண்ணனைத் திட்டியது. இன்று, சாப்பிடக் கூப்பிட்டால் நீ சொல்வது நினைவுக்கு வந்ததாம்.

"'அம்மா, இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் இரு, வந்துடறேன்.' ஏழு வருது பாரு! அடிம்மா, அடி."

ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக அடித்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய இயந்திரம் சில நொடிகள் யோசித்தது. உன் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதே வரி.

"சரி, நான் வேற யோசிச்சு வெக்கறேன். அடுத்த வாரமும் வா" என்றார். சரி என்றேன்.

உன் குரல் எனக்கே மங்கத் தொடங்கிவிட்டது. அந்த ஆறு தட்டல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. வீடு திரும்பும் பஸ்ஸில் அவற்றுக்கு நடுவே சொற்களை வைத்துப் பார்க்கிறேன். எதை வைத்தாலும் பொருந்திவிடுகிறது.