அவள் பக்கத்து பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மனைவியின் கண்ணுக்கு ஊசி போடவில்லை.

காலை முழுவதும் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றோம். அவளுடைய அண்ணன் தொலைபேசியில் "கிளம்பிட்டேன் மாப்பிள்ளை", "இதோ திருப்பத்துக்கு வந்துட்டேன் மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நம்பியதால் வாடகை வண்டி எதையும் அழைக்கவில்லை. அவர் வண்டியில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண் மருத்துவமனையில் ஊசி போடும் அறையைப் பூட்டியிருந்தார்கள். திரும்பும் வழியில் மச்சான் சொன்னது: "ஒரு வாரம் தள்ளிப்போனா கண்ணு என்ன, காலு முளைச்சு ஓடியா போயிடும்?"

சில கேள்விகளுக்குப் பதில் சொல்வதே அவற்றுக்குச் செய்யும் மரியாதையாகிவிடும்.

மார்ச் 12, புதன்

ஊசி போட்டாயிற்று. சென்ற மாதம் படித்த கடைசி வரியை அவளால் இன்று படிக்க முடியவில்லை. பலகையில் எழுத்துகள் அப்படியேதான் இருந்தன.

"போனது திரும்ப வருமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கறதக் காப்பாத்துவோம்மா. தேதி மட்டும் தவறக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை என் முன்னால் வைத்தாள். இந்த வீட்டில் எப்போதும் வண்டி ஓட்டியவள் அவள். பக்கத்தில் அமர்ந்து செய்தித்தாள் படித்தவன் நான். அவள் பார்வை மங்கியதிலிருந்து கொட்டகையில் அந்தக் கார் தூசி போர்த்திக்கொண்டு நிற்கிறது.

"நீங்க கத்துக்கிட்டா என்ன?"

"அம்பத்தாறு வயசுலயா?"

"ஏன், வண்டி உங்ககிட்ட பிறந்த தேதி கேக்குதா?"

மார்ச் 20, வியாழன்

பயிற்சியாளர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே "கிளட்ச், சார்" என்கிறார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது, அந்தத் தைரியம். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் வாழ்நாள் கழிந்திருக்கிறது. கரைசல் நிறம் மாறும் தறுவாயில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் அத்தனையும் வீண். கிளட்சும் அந்த இனம்தான் என்று இன்று பிடிபட்டது.

மாலையில் மச்சான் வந்தார். "மாப்பிள்ளை ஸ்டியரிங்கப் பிடிச்சா நடந்து போறவன் முந்திப் போயிடுவான்."

போகட்டும். நடப்பவன் உயிரோடு போய்ச் சேர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஏப்ரல் 9, புதன்

ஊசி. வாடகை வண்டியில் போனோம். முதலில் வருவதாகச் சொன்னவர் வரவே இல்லை. இரண்டாமவர் வந்தார், ஊசி அறையின் கதவு மூட மூட ஓடி உள்ளே நுழைந்தோம். பிறர் வருவதும் வராததும் என் மனைவியின் கண்ணைத் தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. ஏற்கப்போவதும் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்தது. புகைப்படத்தில் நான் யாரையோ அடிக்கப் போவதுபோல் இருக்கிறேன். பொருத்தம்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தினமும் மாலையில் அவளை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு ஓட்டுகிறேன். நல்ல கண் ஒன்று போதும் அவளுக்கு. என் இரண்டு கண்ணுக்கும் முன்னால் அது பார்த்துவிடுகிறது. எதிரே ஏதாவது தென்பட்டால் அவள் கால் தானாக மிதிக்கிறது. அவள் பக்கத்தில் பிரேக் கிடையாது, வெறும் தரைதான். செருப்பு 'டப்' என்கிறது.

"நான் என்னங்க செய்ய? என் கால் என் பேச்சைக் கேக்கல."

வண்டி ஒருமுறைகூட அணையவில்லை. நன்றாகவே ஓட்டுகிறேன் என்று நினைக்கிறேன்.

மே 7, புதன்

ஊசிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். தேதி தவறவில்லை. அதோடு இந்த நாள் முடிந்திருக்கலாம்.

மச்சான் மருத்துவமனைக்கே வந்து நின்றார். "மாப்பிள்ளை லட்சணத்தப் பார்ப்போமே" என்று பின்னிருக்கையில் ஏறினார். அவளுக்கு ஒரு கண்ணில் கட்டு. மறு கண்ணிலும் சொட்டு மருந்து. இரண்டையும் மூடி முன்னிருக்கையில் சாய்ந்திருந்தாள்.

"அந்த லாரிய முந்துங்க மாப்பிள்ளை. மாட்டு வண்டியா ஓட்டுறீங்க?" பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்தியபடியே வந்தான். "பின்னாடி இருக்கறவன் என்ன நினைப்பான்?"

முந்தினேன். ஆத்திரத்தில் முந்தினேன். முந்தியதும் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நடப்பவர்கள் கடக்கும் வெள்ளைக் கோடுகள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண்.

பார்த்தேன். பார்த்துட்டேன். ஆனா கால் போகல. ஏன் போகல? எதுக்காகக் காத்துட்டிருந்தேன்?

கடைசி நொடியில் மிதித்தேன். தள்ளுவண்டிக்கும் எனக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. பார்த்தாள்; அவ்வளவுதான்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள் என் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

மச்சான் முன்னிருக்கையைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை.

மே 8, வியாழன்

விடை கிடைத்துவிட்டது. 'டப்' என்ற ஒலிக்காகக் காத்திருந்தேன். இத்தனை நாள் நான் சாலையைப் பார்க்கவில்லை. அவளுடைய செருப்புக்குக் கீழ்ப்படிந்திருக்கிறேன். நேற்று அவள் கண்ணை மூடியிருந்தாள். பிரேக்கும் மூடிக்கொண்டது.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணன் சொன்னாருன்னுதான் முந்துனீங்களா?"

"ஆமாம்."

"அப்ப நேத்து வண்டிய ஓட்டுனது அவருதான்."

இதைவிடக் கூரான ஒன்றை இவ்வளவு ஆண்டுகளில் அவள் என்னிடம் சொன்னதில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கொடுக்க மாட்டேன். மச்சானை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்னதைச் செய்திருக்கிறேன்; அந்த அவமானம் ஒருமுறை போதும்.

மே 20, செவ்வாய்

அவள் இப்போது பின்னிருக்கையில். செருப்பைக் கழற்றிவிட வேண்டும், பேசக் கூடாது. இரண்டும் என் கட்டளை. கண்ணில் படுவதை நான் வாய்விட்டுச் சொல்லியே ஓட்டுகிறேன். "சைக்கிள். நிற்கிற பேருந்து, முன்னாலிருந்து யாராவது இறங்கி வரலாம். நாய். நாய்க்கு முடிவெடுக்கத் தெரியவில்லை."

பின்னால் ஹாரன் அடிப்பவருக்கு, ஓரம் இருந்தால் ஒதுங்கி வழிவிடுகிறேன். இல்லையென்றால் அடித்துக்கொண்டே வரட்டும். வழிவிடுவது வேறு, வளைந்து கொடுப்பது வேறு.

பேசக் கூடாது என்ற கட்டளையை அவள் ஒரே ஒருமுறை மீறினாள். "நீங்க இப்படி வாசிச்சுட்டே போனா எனக்குத் தூக்கம் வருதுங்க."

மே 27, செவ்வாய்

மழை. வண்டியை எடுக்கவில்லை. மழையில் ஓட்ட இன்னும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவருக்கும் நான் அஞ்ச வேண்டியதில்லை.

ஜூன் 4, புதன்

ஊசி. குறித்த தேதி, குறித்த நேரம். பலகையில் சென்ற மாதம் படித்த வரியை இம்மாதமும் படித்தாள். அதற்குக் கீழே உள்ள வரி போனது போனதுதான்.

மச்சான் இன்றும் வந்திருந்தார். அவர் வண்டி பழுதாகிப் பட்டறையில் நிற்கிறதாம். பின்னால் ஏறினார்; அவள் இன்று முன்னிருக்கையில். நான் எஞ்சினை அணைத்தேன்.

"என்ன மாப்பிள்ளை?"

"பெல்ட்."

"பின்னாடி எவன் போடுறான்?"

"என் வண்டியில ஏறுறவங்க போடுறாங்க மச்சான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் வெயில் ஏறியது. எனக்கு அவசரம் இல்லை. கடைசியில் 'க்ளிக்' என்றது.

திரும்பும் வழியில் அதே சாலை, வேறு லாரி. "இத முந்தலாமே" என்றார். "முந்தலாம். முந்த மாட்டேன்" என்றேன். அதன் பிறகு அவர் சன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளைக் கோடுகளில் ஒரு பெரியவர் கைத்தடியோடு இறங்கினார். அவர் முதல் அடி வைக்கும் முன்பே வண்டி நின்றிருந்தது. பின்னால் ஹாரன். பெரியவர் பாதி தூரத்தில் நின்று மூச்சு வாங்கினார். வாங்கட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன்: பக்கத்தில் எந்த ஒலியும் எழவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஒரு கண்ணில் கட்டோடு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.