சனிக்கிழமை பஸ்

காரைக்கால்
6.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ஆக்சிலியா எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலிக்கு மாதா துணையிருக்கட்டும். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்!

ஒரு சந்தோஷ சமாச்சாரம். நேற்று தனியாக பஸ் ஏறிப் போய் நல்லம்பல் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தேன். கல்யாணம் முடிந்து நீங்கள் பிரான்சுக்குப் போன நாளிலிருந்து ஒரே பேச்சுதான்: "கடைத்தெருவுக்கே துணை தேடுறவ, இங்க வந்து யாரைக் கூப்பிடுவே? முதல்ல தனியா பஸ் ஏறப் பழகு, ஒன் விசாவுக்குப் பேப்பர் போடுறேன்." உங்கள் வீட்டுப் பக்கத்து ஏரியை வெள்ளைக்காரப் பெண்கள் ஒத்தையாகவே சுற்றி வருவார்கள் என்றும் சொல்வீர்கள். நானும் பழகிவிட்டேன் அத்தான்.

என் பள்ளிக்கூட ஆபீசுக்குச் சனி, ஞாயிறுதான் லீவு. ஞாயிறு பூசை இருக்கிறது. அதனால் சனிக்கிழமை. பஸ் ஸ்டாண்டில் போகிற பஸ், திரும்புகிற பஸ் எல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைத்தேன். குடை, தண்ணீர், இட்லிப் பொட்டலம். திருநள்ளாறு பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, அத்தனையும் சனீஸ்வரன் கோயில் கூட்டம். பக்கத்தில் நின்ற அம்மாள், "ஒனக்கும் ஏழரைச் சனியா தாயி?" என்று என் கையில் எள்ளுப் பொட்டலத்தைத் திணித்தார். குளத்தில் முழுகிவிட்டுப் பழைய துணியை அங்கேயே விட்டுவிட வேண்டுமாம், திரும்பிப் பார்க்கக் கூடாதாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திருநள்ளாற்றில் இறங்கி மினி பஸ் பிடித்தேன். ஏரிக்கரையில் முதலில் எதிரே ஆள் வரும்போதெல்லாம் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாதிக் கரை தாண்டியதும் பயம் போன இடம் தெரியவில்லை. இனி வாராவாரம் போகப் போகிறேன். கல்யாணமான வருஷம் நீங்கள் அனுப்பிய குளிர் கோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. பேப்பர் எப்போது போடுகிறீர்கள்?

உங்கள்
ஆக்சிலியா


சார்செல், பிரான்ஸ்
10.11.2024

ஆக்சிலியாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே செல்வி அக்கா போன் பண்ணிவிட்டது. "மாதா கோயிலுக்குப் போறவ, சனிக்கிழமையானா திருநள்ளாறு பஸ்ஸு ஏறுறாடா தம்பி. ஒன்னையே கழிச்சுக் கட்டிருவா போலிருக்கு" என்று ஒரே அழுகை. பூசைக்குப் போனால் ஆளாளுக்கு விசாரிக்கிறார்களாம். உன்னைப் பிடித்த சனியன் நானா?

நடக்கத்தான் போனாய் என்றே வைத்துக்கொள்வோம். குடும்பப் பெண் ஒத்தையாக பஸ் மாறி மாறி ஏரிக்கரையில் சுற்றுவது என்ன பழக்கம்? இங்கே வந்தாலும் இப்படித்தானே ஊர் சுற்றுவாய்? இந்த லட்சணத்தில் பேப்பர் ஒன்றுதான் குறைச்சல். நடக்க வேண்டுமென்றால் மொட்டைமாடியில் நட. அக்காவிடம் மன்னிப்புக் கேள். இல்லையென்றால் கிறிஸ்மஸுக்கு என்னை எதிர்பார்க்காதே.

ஆரோக்கியஜோசப்


காரைக்கால்
22.12.2024

திரு. ஆரோக்கியஜோசப் அவர்களுக்கு,

தனியாகப் போகத் தெரியாது என்று இத்தனை வருஷம் பேப்பர் போடவில்லை. இப்போது தனியாகப் போகிறேன் என்று போட மாட்டீர்கள். கூட்டிப் போக மனசில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அழுது முடித்திருப்பேனே! என் வயசெல்லாம் அந்தக் கோட்டோடு பீரோவில் கிடந்து அந்துருண்டை வாசம் அடிக்கிறது.

நேற்று செல்வி அண்ணி பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். "எங்கடி கெளம்பிட்டே?" என்றார். "திருநள்ளாறு பஸ்ஸுக்குத்தான் அண்ணி, நீங்களும் வாங்களேன்" என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

ஏரிக்கரையில் வாத்து மேய்க்கிற செல்லையன் மார்கழிப் பனியில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். கொண்டுபோயிருந்த கோட்டை எடுத்து நீட்டினேன். "எனக்கு எதுக்கும்மா இவ்வளவு ஒசந்த சட்டை?" என்று கேட்டுக்கொண்டே மாட்டிக்கொண்டார். அளவு கேட்காமல் நீங்கள் அனுப்பியது, எனக்குத் தொளதொளவென்று இருக்கும். அவருக்குக் கச்சிதம்.

சனியனா என்று கேட்டிருந்தீர்கள். நான் கோயில் பக்கம் போகவில்லை, குளத்தில் முழுகவுமில்லை. கோட்டைக் கொடுத்தேன், திரும்பிப் பார்க்காமல் வந்து பஸ் ஏறினேன்.

கிறிஸ்மஸுக்கு எதிர்பார்க்கவில்லை.

ஆக்சிலியா