துரவு மூடிய அசோலா

மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பது வயதில், என் சொந்தத் தோட்டத்தில், புல்லைத் தடியால் குத்திப் பார்த்த பிறகுதான் கால் வைக்கிறேன். பெண்சாதி சிரிக்கிறாள். இன்று காலை மழை விட்டதும் அந்தச் சேற்று மணம் வந்தது. உன் காணிக்கும் என் காணிக்கும் நடுவில் கிடக்கிற, சுற்றுக்கட்டு இல்லாத துரவுக் கிணறு மறுபடி பச்சையாய் மூடியிருந்தது.

உன் தொட்டியில்தான் அசோலாவை முதலில் கண்டேன். நகத்தைவிடச் சின்ன இலை, தண்ணீரில் மிதந்தது. தவிட்டோடு பிசைந்து உன் சிவலைப் பசுவுக்கு வைப்பாய். மிஞ்சியது வயலுக்கு உரம்.

"கிணத்துக் கல்லிடுக்கிலை முளைக்கிற பன்னச்செடியின்ரை சாதிதானடா உது. பூக்காது, காய்க்காது" என்றாய்.

"உன்னைப் போலை தனிக்கட்டை எண்டு சொல்லு."

"ஓம். ஆனா நாலு நாளிலை இரட்டிக்கும். நீ பெத்தது மூண்டுதானே."

அந்தக் கதைக்குப் பழிவாங்கத்தான் ஒரு பிடி அள்ளித் துரவில் போட்டேன், பகிடிக்கு. மாதம் முடியுமுன் தண்ணீரே தெரியவில்லை. கல்லொன்றை எறிந்து பார்த்தோம். விழுந்த இடம் கறுத்தது, பிறகு பச்சை மெல்ல வந்து மூடிக்கொண்டது. நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"என்ன விழுந்தாலும் காட்டாது மச்சான். வழிச்செடு."

"நாளைக்கு எடுக்கிறன்."

என் நாளைகளையெல்லாம் நீதான் வழித்தாய், ஓலைக் கடகத்தைத் தடியில் கட்டி. பங்குனி வெயிலில் அது இரத்தம் உறைந்ததுபோல் சிவந்து கிடந்தபோதும் வழித்தாய். நெஞ்சு நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஓட்டோவுக்குள் இருந்து சொன்னாய்: "சிவலை சினை. துரவுப் பக்கம் விடாதை." திரும்பி வரவில்லை.

சிவலை இப்போது என்னிடம். கயிறு எட்டும்வரை போய், அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். தினமும் நான்தான் வழிக்கிறேன். மழையென்று நாலு நாள் விட்டுவிட்டேன்.

இன்று கயிறு மட்டும் கிடந்தது. குளம்படிகள் துரவின் விளிம்புவரை போயிருந்தன. பச்சையில் ஒரு கீறலும் இல்லை. கூப்பிட்டேன். சத்தமே இல்லை. உன் தடியால் விலக்கிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர். அதுவும் மூடிக்கொண்டது. வயிற்றுக் கன்றோடு உள்ளே கிடக்கிறாளோ என்று இன்னும் எட்டிக் குத்தினேன். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டார்கள்.

திரும்பினேன். கால் வழுக்கியது.

சிவலைதான். உன் வெறுந்தொட்டியை நக்கிவிட்டு வந்திருக்கிறாள், வாயெல்லாம் பாசி. நான் விளிம்புக் கல்லைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து, என் தலையில் கிடந்த அசோலாவை ஆறுதலாய்த் தின்றாள். தொங்கித் தவழ்ந்து கரையேறி, மிச்சத்தை மத்தியானத்துக்குள் நான் வழித்து முடித்தேன்.

இடது செருப்பு உள்ளேதான் கிடக்கிறது.