ஒரு புள்ளிக்குள் எங்கள் வளவு

நெடுந்தீவு கிழக்கு
ஆவணி, 1989

என் குஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிருக்குள் நீ நோய்நொடியில்லாமல் இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், கை கால் வழங்குகிறது, மாடுகள் பால் தருகின்றன.

நீ அனுப்பிய நெடுந்தீவுப் படம் கிடைத்தது. செய்மதி வானத்தில் நின்று எடுத்ததைக் கொம்பியூட்டரில் போட்டு நிறம் பிரித்து, அதை வைத்துத்தான் யூனிவேர்சிற்றியில் படிப்பிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். இங்கே பிறந்த எங்களுக்கே வந்துபோக வள்ளம் கிடைப்பதில்லை, நோர்வேப் பிள்ளைகள் கதிரையில் இருந்தபடியே வந்துபோகிறார்கள். பனங்கூடல் முழுக்க ஏன் சிவப்பாய்க் கிடக்கிறது என்று படம் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், அங்கே பச்சைக்கு அதுதான் நிறமாக்கும் என்று சொல்லிவைத்தேன்.

பக்கத்து வளவுச் சிவகுருவும் வந்தார். படத்தில் தீவை நீதான் கையால் கீறினாய் என்று அவருக்கு எண்ணம். அன்னப்பிள்ளையக்கா, எங்கடை ரெண்டு வளவுக்கும் நடுவிலை நிக்கிற கல்வேலியை ஒரு முழம் உங்கடை பக்கம் தள்ளிக் கீறச்சொல்லிப் பெடியனுக்கு எழுதுங்கோ, அங்கை கீறினால் இஞ்சை விதானையார் காணிக் கணக்கை மாத்தத்தானே வேணும் என்றார். இதிலே வேலியே தெரியாது, வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில், நான் எல்லாம் ஒரு புள்ளிக்குள் என்று நீ எழுதியதைச் சொன்னேன். அப்ப என்ரை வளவு எங்கை என்றார். அதுவும் அந்தப் புள்ளிக்குள்தான் இருக்கும் என்றேன். மனிதன் தேத்தண்ணீரைத் தொடாமலே எழும்பிப் போய்விட்டார். இரண்டு வளவையும் ஒன்றாக்கி நீ உன் பேருக்கு எடுத்துவிட்டாய் என்று இப்போது கடையில் கதையாம்.

அதற்குப் பிறகு உன் பெரியப்பா அம்பலவாணர் வந்தார். உன் அப்பா மாட்டுக்குத் தவிடு வாங்க எமிலியானுஸின் வள்ளத்தில் புங்குடுதீவுக்குப் போனவர்தானே, சோளகக் காற்றுத் தொடங்கிய கிழமை. இன்றுவரை இரண்டு பேரும் இல்லை, வள்ளத்தின் பலகைகூட ஒதுங்கவில்லை. எமிலியானுஸின் பெண்சாதி மாதா கோயிலில் பூசை கொடுத்துக் கறுப்பு உடுத்திவிட்டாள். பெரியப்பா சொல்கிறார், மூண்டு மாசமாச்சு, நீர் இன்னும் பொட்டோடை திரியிறது சரியில்லை, தர்ப்பைப் புல்லிலை தம்பியைச் செய்து கொள்ளி வைச்சு, கீரிமலையிலை அந்தியேட்டிக் கிரியையையும் முடிப்பம் என்று. தவிடு வாங்கப் போன மனிதனைப் புல்லில் செய்வதாம். எங்கள் சிவலைப் பசு கண்டால் கொள்ளி வைக்குமுன் தின்றுவிடும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, எனக்கும் பிறகு வரவில்லை.

கொள்ளி வைக்க வேண்டியவன் நீ, வர ஏலாதென்றால் உன் சம்மதமாவது எழுத்தில் வரட்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார். கடலையும் அந்தச் செய்மதி எடுக்கும்தான், ஆனால் ஒரு வள்ளம் ஒரு புள்ளியை நிரப்பவும் காணாது என்பது எனக்கு விளங்கும். அதனால் படத்தில் தேடிப் பார் என்று கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீயும் உன்னிடம் படிக்கிற பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். பதிலை மட்டும் பிந்தாமல் போடு. நீ ஓம் என்று எழுதினால் அன்றைக்கே பொட்டை அழித்துவிடுகிறேன். வேண்டாம் என்று எழுதினால் அவருக்கும் சேர்த்தே உலை வைக்கிறேன். படித்தவன் நீ சொல்லு குஞ்சு, அப்பா இருக்கிறாரா, இல்லையா?

உன் அம்மா
அன்னப்பிள்ளை