கடைசி இலக்கம்

நீலசந்திரா, பெங்களூரு
ஞாயிறு காலை

அன்பு மகள் சங்கமித்ராவுக்கு,

பக்கவாதத்தில் விழுந்த அம்மாவின் கைக்கும் காலுக்கும் பழைய பலம் திரும்பிவிட்டது. நேற்று வந்து பார்த்த டாக்டர் வீணா சொன்னது இது. பேச்சைப் பற்றி அவர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அதனால் நானும் சொல்லப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை வீடியோவில் அம்மா உன் பெயர் வராமல், உன்னைப் பார்த்து "பொண்ணு, பொண்ணு" என்றதும் நீ அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கீழே தள்ளுவண்டி முகேஷிடம் அம்மா "பழம் குடுப்பா" என்றாள். "எந்தப் பழம்மா? நான் இன்னா ஜோசியக்காரனா?" என்றான் அவன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் காட்டி, "இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவனிடம் புகார் வேறு.

நேற்று மத்தியானம் அரிசி டப்பாவைக் காட்டி "தானியம்" என்றாள். யார் வீட்டில் அரிசியைத் தானியம் என்கிறார்கள்? அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லூரி நூலகத்தில் புத்தகங்களுக்கு வகை எண் போட்டவள் அவள். கல்யாணமான புதிதில் எனக்கு ஒருநாள் சொன்னாள்: நெல் பற்றிய புத்தகத்துக்கு 633.18. கடைசி எட்டை எடுத்துவிட்டால் தானியங்கள். புள்ளிக்குப் பின் மிஞ்சும் ஒன்றையும் எடுத்துவிட்டால் வயல் பயிர்கள். இலக்கம் குறையக் குறைய எண் தப்பாவதில்லை, பொருள் விரிந்துகொண்டே போகிறது. "நம்பருக்குள்ளயே அம்மாவும் புள்ளையும் இருக்காங்க, பாருய்யா" என்றாள்.

சாயங்காலம் மழை விட்டதும் பால்கனியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிரே குல்மோஹர் அவளுக்கு மரம். அதில் வந்திறங்கிய கிளிகள் பறவை. ஈர வெளிச்சத்தில் எல்லாமே நுனி கழன்று, பெரிதாகி, மெல்ல மிதந்தன. எதுவும் இடம் மாறவில்லை. மரத்தை அவள் பறவை என்று சொல்லவில்லை.

எதிர்வீட்டு காந்தா உன் வயதுதான். தினமும் வந்து அம்மாவுக்குத் தலை வாரிவிடுகிறாள். அவளும் அம்மாவுக்கு "ஆளு"தான். "பொண்ணு" என்று உன் போட்டோவைப் பார்த்து மட்டும் சொல்கிறாள்.

ஸ்கேன் அறிக்கை வியாழக்கிழமை கைக்கு வரும். பெயர்கள் திரும்புமா என்பதை அதைப் பார்த்த பிறகே சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். நீ சனிக்கிழமை வந்து இறங்குகிறாய். கதவைத் திறந்ததும் அம்மா "பொண்ணு" என்றால் வாசலிலேயே நின்றுவிடாதே கண்ணு. "ஆமாம்மா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வா.

பத்திரமாக வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா