படபடப்பு என்று சொல்லாத நாள்

ஜூலை 8, செவ்வாய்

சோளகக் காற்று. கொடியில் கிடந்த துணியெல்லாம் மணல். மகள் ஹனாவுக்கு இன்று நான்கு மாதம்.

நெஞ்சு துள்ளியது: காலையில் இரண்டு தரம், லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு தரம். சும்மா இருக்கும்போதுதான். நல்லாச் சாப்பிடுகிறேன், மெலிந்துகொண்டே போகிறேன்.

மாமி பக்கத்து வீட்டில் சொல்வது கேட்டது: "மருமகள் படிச்ச புள்ளதான், எல்லாத்துக்கும் பயம். புள்ளயத் தூக்கக்குள்ள கை நடுங்குது. நான் தனிய விடமாட்டன்."

பயம் போக ஓதின தண்ணீர் தந்தார். குடித்தேன். பயம் அடங்கியது. நெஞ்சு அடங்கவில்லை.

அப்போ இரண்டும் வேறு!

ஜூலை 10, வியாழன்

ஆஸ்பத்திரி. கணவரும் வந்தார். முன்பு இரண்டு தரம் போய்ப் "படபடப்பு" என்றேன். இரண்டு தரமும் "முதல் பிள்ளைதானே, பயப்படாதீங்கோ" என்று அனுப்பினார்கள். இன்று அந்தச் சொல்லே வாயில் வரக்கூடாது என்று முடிவு.

புது டொக்டர். சின்னப் பெண். "என்ன செய்யுது?"

மேசையில் தட்டிக் காட்டினேன். டக், டக், டக். நிறுத்தினேன். டடக். டக்.

கணவர் என் முழங்கையில் இடித்தார். "என்ன, றபான் மேளம் அடிக்கிறியா?"

டொக்டர் சிரிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தா. கன நேரம்.

"இவ சரியாத்தான் அடிக்கிறா."

ஈசிஜி. இரத்தம் எடுத்தார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

தைரொயிட் ஹோர்மோன் அளவுக்கு மிஞ்சி! பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வருமாம். அது கூடினால் இதயம் தாளம் தப்புமாம். நடுக்கம், மெலிவு, எல்லாம் அதன் வேலை.

"அப்ப இது பயம் இல்லையா, டொக்டர்?"

"பயந்தா ரிப்போட் இப்பிடி வராது."

குளிசை தந்தா. பால் கொடுக்கலாம் (இரண்டு தரம் கேட்டேன்).

மாமி ரிப்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஓதினது?"

"அது பயத்துக்கு, மாமி. அதுக்குப் பயம் அடங்கினதுதானே."

முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வெயில். மீன் மலிவு.

இரண்டாவது ரிப்போட்: ஹோர்மோன் இறங்கிவிட்டது. ஈசிஜியில் ஒரு தப்பும் இல்லை! குளிசையைக் குறைக்கலாமாம். ஆனாலும் மாதாமாதம் இரத்தம் பார்க்கவேண்டும்.

காலையில் ஹனாவைத் தனியாகக் குளிப்பாட்டினேன். சவர்க்கார நுரையோடு வழுக்கினாள், துள்ளினாள். கை நடுங்கவில்லை. சோறு ஆக்கிய மாமி குசினியை விட்டு வரவேயில்லை.

பின்னேரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையை நீட்டினார்.

"எனக்கும் நாடி பாரு புள்ள."

பிடித்துப் பார்த்தேன். "ஒழுங்கா ஓடுது, மாமி."

"அவசரப்படாத. வடிவா எண்ணிச் சொல்லு."